வாய் தெரியாத இடம்

அந்தப் படத்தின் கதை மோசம். அதற்குத் தமிழ் வசனம் எழுதியவள் என்ற முறையில் சொல்கிறேன். தியேட்டரில் பார்த்துவிட்டு வந்து திட்டுகிறவர்களுக்கு ஒருமுறை பார்த்த கோபம்தான் இருக்கும். நான் ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி நிறுத்தி, பொம்மைகளின் வாய் திறப்பதையும் மூடுவதையும் பார்த்துப் பார்த்து எழுதியவள். என் கோபம் வேறு ரகம்.

வெளிநாட்டுப் பொம்மைப் படங்கள் தமிழில் வரும்போது அந்தத் தமிழை யாராவது உட்கார்ந்து எழுதத்தான் வேண்டும். அந்த யாரோ ஒருவர் மரக்காணத்தில், உப்பளத்தைப் பார்த்த ஜன்னலோரம், காதில் ஹெட்போனோடு இருப்பார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் நான் ஏதோ பேங்க் வேலையை வீட்டிலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். அவருக்கு வெயில் வேண்டும், எனக்குக் கரண்ட் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாத நாளில் வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

என் வேலையில் கதையைத் தொட எனக்கு உரிமை கிடையாது. பொம்மையின் உதடு ஒட்டும் இடத்தில் தமிழிலும் உதடு ஒட்டுகிற எழுத்து வர வேண்டும். அது வாயைத் திறந்து வைத்திருக்கும்போது நம் வசனம் முடிந்துவிடக் கூடாது. இதற்குள்தான் அர்த்தமும் இருக்க வேண்டும், சிரிப்பும் வர வேண்டும், குழந்தைக்கும் புரிய வேண்டும். கொஞ்சம் கைகால் நீட்டிக்கொள்ள ஒரே வாய்ப்பு, பேசுகிறவரின் வாய் தெரியாத இடம். முதுகைக் காட்டி நிற்பார்கள், தூரத்தில் நடந்து போவார்கள், கட்டிப்பிடித்து முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். அங்கே எந்தச் சொல்லை வைத்தாலும் பொருந்தும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

படத்தின் கதை இது. மேகத்தில் மிதக்கும் ஒரு நாடு. அதன் ராஜாவுக்கு இடுப்பு வரை தாடி, ஒரே பெண். நிழலை ஏவுகிற மந்திரவாதி ஒருவன் வருகிறான். சண்டையில் ராஜா செத்துப்போகிறார். நன்றாகவே செத்துப்போகிறார். நாடே கூடி, விளக்கு ஏற்றிய படகில் அவரை வைத்து வானத்தில் அனுப்பிவைக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பெண் ஒரு மந்திர விளக்கைத் தூக்கிக்கொண்டு, இறக்கை முளைத்த ஓர் அணிலோடும் கிழட்டு ஆமையோடும் மூன்று கதவுகளைத் தேடிப் போகிறாள்.

முதல் பத்து நிமிடமும் ஒரு குரல் அந்த நாட்டின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே இருக்கும். சொன்னதில் பாதிக்கு அப்புறம் வேலையே இல்லை. அணில் வாயை மூடாது. அழ வேண்டிய இடத்தில்கூட அதற்கு ஒரு ஜோக் எழுதச் சொல்லி என்னைக் கொன்றார்கள். மூன்று கதவுகளையும் அந்தப் பெண் திறப்பதில்லை. ஒன்றை ஆமை திறக்கிறது, ஒன்று தானாகத் திறக்கிறது, ஒன்றை அணில் தும்மித் திறக்கிறது. மந்திரவாதி ஒரே பாட்டில் திருந்திவிடுகிறான். கடைசியில் விளக்கு அணைந்துவிடும். திரும்பி வந்த படகில் அப்பாவின் உடலைக் கட்டிக்கொண்டு அவள் அழுவாள். ஒரு சொட்டுக் கண்ணீர் அவர் நெஞ்சில் விழும். ராஜா கண் விழிப்பார். எல்லோரும் ஆடுவார்கள்.

மாயாஜாலக் கதையில் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்பார்கள். நடக்கலாம், ஆனால் அதற்கு ஒரு கணக்கு வேண்டும். கண்ணீருக்கு உயிர் கொடுக்கும் சக்தி உண்டென்று முன்னால் ஓர் இடத்தில்கூட இந்தப் படம் சொல்லவில்லை. பத்து நிமிடம் வரலாறு சொன்ன அந்தக் குரலாவது சொல்லியிருக்கலாம். எங்கள் உப்பளத்தில் தண்ணீரைப் பாத்தி மாற்றிப் பாத்தி விட்டு, வெயிலில் கெட்டியாக்கி, அப்புறம்தான் கடைசிப் பாத்திக்கு விடுவார்கள். இந்தப் படத்தை எடுத்தவர்கள் நேரே கடைசிப் பாத்தியில் தண்ணீரை விட்டுவிட்டு மறுநாள் உப்பு வாரக் கூடையோடு வந்து நிற்கிறார்கள்.

இதையெல்லாம் டப்பிங்கைப் பார்த்துக்கொள்ளும் சென்னைக்காரரிடம் போனில் சொன்னேன். நல்ல மனிதர், ஆனால் எப்போதும் இன்னொரு போன் வந்துகொண்டிருக்கும்.

"மேடம், ஸ்டோரி நம்ம டிபார்ட்மென்ட் இல்ல. லிப் சேருதா, அத மட்டும் பாருங்க" என்றார்.

சேர்ந்தது. ராஜா கண் விழித்ததும் சொல்கிற வசனத்தை ஆங்கிலத்தைவிட அழகாகவே எழுதியிருந்தேன். "உன் கண்ணீர்தான் என்னை மீட்டது, மகளே." எழுதி முடித்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அந்த வசனத்தை முதலில் படித்துக் காட்டியது என் அண்ணன் மகளிடம். அவள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள், நான்காம் வகுப்பு. அண்ணன் லாரி டிரைவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் உப்பு லோடோடு போனவர், கிளியனூர் பக்கம் வண்டியை ஒழுங்காக ஓரம் கட்டி, இஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். நெஞ்சுவலி. அண்ணி செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய் அங்கேயே ஹாஸ்டலில் தங்கியிருக்கிறார். லீவு கிடைக்கிற ஞாயிறுகளில் வந்து போவார். பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டாம் என்று நான்தான் பிடிவாதமாக என்னோடு வைத்துக்கொண்டேன்.

அவளுக்கு என் வேலை ரொம்பப் பிடிக்கும். ராஜாவுக்குத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஆமைக்கு இழுத்து இழுத்து, அணிலுக்கு மூக்கால் என்று எல்லோருக்கும் அவளே குரல் கொடுப்பாள். அவள் வாயில் தடுக்குகிற வசனத்தை நான் அடித்துவிட்டு வேறு எழுதுவேன். அவள் அப்பா அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். "நான் இன்னா சின்னக் கொழந்தையா, பாப்பான்னாதீங்க" என்று சண்டை போடுவாள். அவர் போன பிறகு எங்கள் வீட்டில் யாரும் அவளை அப்படிக் கூப்பிடுவதில்லை. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, தானாக நின்றுபோயிற்று.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்தக் கடைசிக் காட்சியை அவள் படித்துக்கொண்டிருந்தாள். ராஜாவாகப் பேசி முடித்துவிட்டுப் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, அந்தப் பொண்ணு அழுததாலதான் அவங்க அப்பா வந்தாரா?"

"படத்துல அப்படித்தான் வருது."

"நான் அன்னிக்கு அழல இல்ல?"

எனக்குப் புரியவில்லை. "என்னிக்கு?"

"அப்பாவ பொட்டில வெச்சிருந்தாங்களே. அன்னிக்கு."

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு வருகிற பெண்கள் வட்டமாகச் சேர்ந்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி சொல்லி அழுவார்கள். பிரம்மதேசத்திலிருந்து ஒரு கூட்டம் வரும், கூனிமேட்டிலிருந்து ஒரு கூட்டம் வரும். ஒவ்வொரு கூட்டமும் வாசலில் தெரிந்ததும் வட்டம் மறுபடி கூடும். செத்தவரின் பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் நடுவில் இழுத்துக்கொள்வார்கள். அன்றைக்கு அவளையும் இழுத்தார்கள். "வாய் விட்டு அழுடி, உங்கொப்பன் போயிட்டான்" என்று உலுக்கினார்கள். அவள் அழவில்லை. ஃபிரீசர் பெட்டியின் கண்ணாடியில் தண்ணீர் வழிவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ ஒரு கிழவி, "பெத்த பொண்ணு ஒரு சொட்டு விடல பாரு" என்று சொன்னது என் காதிலும் விழுந்தது. நான் என் அழுகையில் இருந்தேன். அந்தச் சொல் அவளுக்குள் போய் இப்படி உட்கார்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு சொட்டு. படத்திலும் அதே அளவுதான்.

மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டேன். "செத்தவங்க யாரு அழுதாலும் வர மாட்டாங்கடி. ஊரே அழுதுச்சு, நான் அழுதேன், ஒங்கம்மா அழுதா. வந்தாரா? இந்தப் படம் பொய்."

"நீதான எழுதியிருக்க?"

"நான் எழுதல. அவங்க இங்கிலீஷ்ல சொன்னத தமிழ்ல போட்டேன்."

"பொய்யின்னு தெரிஞ்சே போட்டியா?"

அவள் மடியிலிருந்து இறங்கிப் போய் டிவியைப் போட்டாள். நான் சொன்னதை நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது. பெரியவர்கள் சமாதானத்துக்கு ஆயிரம் சொல்வார்கள். படத்தில் ராஜா கண் விழித்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அதுவரை எனக்கு அந்தக் காட்சிமேல் இருந்தது தொழில் கோபம். அன்றைக்கு வந்தது வயிற்றெரிச்சல்.

சாயங்காலம் கால் முழுக்க உப்புப் பூத்து வந்த வீட்டுக்காரர், கிணற்றடியில் நின்றபடியே என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, அந்த அணில் திரும்பவும் எதனா பேசிச்சா?"

நடந்ததைச் சொன்னேன். அவர் தண்ணீர் மொண்டு ஊற்றுவதை நிறுத்திவிட்டார்.

"மாத்திடு" என்றார்.

"நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாதுங்க. நாம எழுதுறத திரும்ப இங்கிலீஷ்ல போட்டு படம் எடுத்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்புவாங்க. அவங்க ஓகே பண்ணணும்."

"அப்போ சண்ட போடு. நீ என்கிட்ட போடாத சண்டையா?"

மறுநாள் காலையில் மறுபடி முதல் காட்சியிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை வாய் தெரியாத இடங்களை மட்டும் தேடினேன். படகில் ராஜாவை அனுப்பும் காட்சியில் ஆமை முதுகைக் காட்டி நிற்கிறது. கடைசிக் காட்சியில் ராஜா கண் விழித்ததும் மகளை இழுத்து அணைத்துக்கொள்கிறார். அவர் வாய் அவள் கூந்தலுக்குள் புதைந்துவிடுகிறது. "உன் கண்ணீர்தான்" வசனம் அங்கேதான் வருகிறது. உதடும் இல்லை, பல்லும் இல்லை, வெறும் தாடியும் தோளும். அங்கே ராஜா என்ன சொன்னால் என் பிள்ளைக்கு நல்லது என்று யோசித்தேன்.

நிறைய எழுதினேன். அழுததற்காக வரவில்லை என்று எழுதினேன், நீளமாகப் போயிற்று. நான் சாகவே இல்லை என்று எழுதினேன், அது இன்னொரு பொய். அதைக் கேட்டுவிட்டு இவள் தன் அப்பா மட்டும் ஏன் செத்தார் என்று கேட்பாள். செத்தவரைத் திரும்பக் கொண்டுவந்த படத்தை என்னால் திருத்த முடியாது. அழாத பிள்ளைமேல் அது போடுகிற பழியை மட்டுமாவது எடுத்துவிட வேண்டும். அதைப் பிடித்துக்கொண்ட பிறகு வசனம் வந்துவிட்டது.

"அழலன்னாலும் நீ என் பொண்ணுதான்."

அவ்வளவுதான். அணைத்துக்கொண்டு விடுகிற நேரத்துக்குள் சரியாக உட்கார்ந்தது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் மகள் ராஜா குரலில் ஒருமுறை படித்தாள். தடுக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தோசை வேண்டும் என்றாள்.

சென்னைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. போனில் பேசினால் அடுத்த போன் வந்துவிடும் என்று, ராஜாவின் குரலைப் பதிவு செய்யும் அன்றைக்கு விடிகாலை பஸ்ஸைப் பிடித்து நானே ஸ்டுடியோவுக்குப் போய்விட்டேன். என்னை அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. எழுதுகிறவர்கள் ஸ்டுடியோவுக்கு வருவதில்லை, வந்தால் அது தொந்தரவு.

"மேடம், படத்தோட பஞ்ச்சே அந்தக் கண்ணீர்தான். அத எடுத்துட்டா என்ன இருக்கு?" என்றார்.

"கண்ணீர் படத்துல அப்படியேதான சார் இருக்கு? சொட்டறத எல்லாரும் பாக்கத்தான போறாங்க. அதத் திரும்ப வாயால வேற சொல்லணுமா? பாத்தத சொல்றது வீக்கான வசனம் சார்."

"அது சரி. ஆனா அர்த்தமே மாறுதே."

"மாறணும்னுதான் வந்திருக்கேன்."

காரணத்தையும் சொன்னேன். அழாமல் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே தீர்மானித்திருந்தேன், அப்படியே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கஷ்டமா இருக்கு மேடம். ஆனா ஒரு பொண்ணுக்காக மாத்த முடியுமா, சொல்லுங்க."

"அந்த ஒரு பொண்ணு டிக்கெட் வாங்கிட்டு வரப் போறா சார். அவள மாதிரி எத்தினி பேரு வரப் போறாங்களோ, ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

ராஜாவுக்குக் குரல் கொடுக்க வந்திருந்தவர் கண்ணாடி அறைக்குள் டீ குடித்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் சென்னைக்காரர் இறங்கிவந்தார். பழைய வசனத்தையும் பேசி வைப்பது, புது வசனத்தையும் பேசி வைப்பது, இரண்டையும் அனுப்புவது, அவர்கள் எதை எடுக்கிறார்களோ எடுக்கட்டும். அதற்கு மேல் அவரிடம் எதுவும் பெயராது என்று தெரிந்தது. புது வசனத்தை எந்த மாதிரி சொல்ல வேண்டும் என்று குரல் கொடுப்பவர் கேட்டார். "ராஜா மாதிரி வேண்டாங்க. லோடு எறக்கிட்டு வீட்டுக்கு வந்த ஆளு மாதிரி சொல்லுங்க" என்றேன். அவர் அப்படியே சொன்னார். நான் வெளியே வந்து முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

பிறகு பதிலே இல்லை. சென்னைக்காரரைக் கேட்டால், இறுதிப் பிரதி நேராகத் தியேட்டருக்குப் போய்விட்டது, எதை எடுத்தார்கள் என்று அவருக்கும் தெரியாது என்றார். நான் நம்பினேன், அவர் பொய் சொல்லத் தெரியாதவர். படம் திண்டிவனத்தில் வந்தது. அண்ணன் மகள் தினமும், "எப்போ போறோம்?" என்று நச்சரித்தாள். கூட்டிக்கொண்டு போகாமலே விட்டுவிடலாமா என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். பழைய வசனம் அத்தனை பெரிய ஸ்பீக்கரில் வந்தால் நான் என்ன செய்வேன்? ஆனால் நான் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் அவள் என்றைக்காவது செல்போனில் தனியாகப் பார்ப்பாள். வருவது என் பக்கத்தில் இருக்கும்போதே வரட்டும் என்று கிளம்பினேன். உப்பு வாருகிற சமயம், வீட்டுக்காரர் வரவில்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

தியேட்டர் முழுக்கக் குழந்தைகள். வரலாறு சொல்லும் குரல் வந்தபோது பின்வரிசையில் ஒரு குழந்தை, "படம் எப்போ போடுவாங்க?" என்று கேட்டது. அணிலுக்கு எல்லோரும் சிரித்தார்கள், அதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. ராஜாவைப் படகில் அனுப்பும்போது இவள் பாப்கார்னைக் கீழே வைத்துவிட்டாள். மூன்று கதவுகளும் திறந்தன. மந்திரவாதி பாட்டுப் பாடித் திருந்தினான். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பழைய வசனம் வந்தால் அவள் காதருகே குனிந்து என் வசனத்தை நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். யார் திரும்பிப் பார்த்தாலும் பார்க்கட்டும்.

விளக்கு அணைந்தது. சொட்டு விழுந்தது. ராஜா கண் விழித்தார். மகளை இழுத்து அணைத்தார். நான் காத்திருந்தேன்.

ஒன்றும் வரவில்லை. பழைய வசனமும் இல்லை, புதியதும் இல்லை. எந்தப் புண்ணியவானோ, இரண்டும் வேண்டாம், எப்படியும் வாய்தான் தெரியவில்லையே என்று இரண்டையும் எடுத்துவிட்டிருக்கிறான். வெறும் புல்லாங்குழல் மட்டும். ராஜா தாடியும் தோளுமாக மகளை அணைத்தபடி ஒரு பேச்சும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். இத்தனை சண்டையும் போட்டு ஒரு காலி இடத்தை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று எனக்குக் கோபம் வந்தது. காதருகே குனியப் போனேன்.

அதற்குள் அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். கண் திரையில்தான் இருந்தது. வீட்டில் பேசுகிற அதே கனத்த குரலில், ஆனால் யாருக்கும் கேட்காதபடி மெதுவாக, ராஜா விட்ட இடத்தில் அவளே பேசினாள்.

"அழலன்னாலும் நீ என் பொண்ணுதான், பாப்பா."

நான் எழுதியதில் பாப்பா கிடையாது.